எருமையும் கொக்கும்: கேமராவுக்குச் சில குத்துமதிப்புக் கணக்குகள்

குளத்தில் ஊறிக்கொண்டிருக்கும் ஓர் எருமை, அதன் முதுகில் ஓர் உண்ணிக்கொக்கு. கேமராவோடு கிராமத்துப் பக்கம் போகிறவர்கள் எடுக்காமல் திரும்பாத படம். எடுத்துவிட்டுத் திரையில் பார்த்தால் எருமை சாம்பல் பூசிக்கொண்ட மாதிரி வெளுத்துக் கிடக்கும், கொக்கு இருந்த இடத்தில் இறகும் தெரியாமல் கழுத்தும் தெரியாமல் ஒரு வெள்ளைத் திட்டு. இதைக் காட்டி நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும்: லென்ஸ் சரியில்லை, ஐஎஸ்ஓவைக் குறை, மேனுவலுக்குப் போ, வேற கேமரா வாங்கு. நானும் சில வருடம் இதையெல்லாம் நம்பிக் காசைக் கரைத்துவிட்டு, அதே சாம்பல் எருமையைக் கூடுதல் மெகாபிக்சலில் எடுத்தவன்தான்.

அந்த இடத்தில் வேண்டியது வெயில் எப்படி அடிக்கிறது என்று பார்க்கத் தெரிவதும், ஒரே ஒரு பழைய கணக்கும். ஃபிலிம் காலத்தில் படம் எடுத்தவர்கள் இப்படிச் சில குத்துமதிப்புக் கணக்குகளைத் தலையில் வைத்திருந்தார்கள். இன்றைக்கும் அவை செல்லும். ஆனால் கணக்கை மட்டும் மனப்பாடம் செய்தால் அது கைவிடும் நாளில் முழிக்க வேண்டியிருக்கும், அதனால் ஒவ்வொன்றும் ஏன் வேலை செய்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

## குழாயும் குடமும்

ஒரு படத்துக்குள் மொத்தம் எவ்வளவு வெளிச்சம் போகிறது என்பதுதான் எக்ஸ்போஷர். குழாயடியில் குடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை முழுக்கத் திறந்தால் அரை நிமிடத்தில் நிரம்பும், பாதி திறந்தால் ஒரு நிமிடம் ஆகும், குடத்தில் இருக்கும் தண்ணீர் என்னவோ ஒன்றுதான். லென்ஸுக்குள் இருக்கும் துவாரம்தான் அபர்ச்சர், அது குழாயின் திறப்பு. வெளிச்சம் எத்தனை நேரம் உள்ளே விழலாம் என்று திறந்து மூடும் கதவு ஷட்டர். குறைவாகப் பிடித்தால் படம் இருண்டுபோகும். குடம் வழிந்தாலோ, வழிந்தது போனதுதான். கொக்கின் இறகுகள் அப்படித்தான் போயின, எந்த மென்பொருளைக் கொண்டு வந்தாலும் திரும்ப அள்ள முடியாது.

வெளிச்சத்தை இரண்டு மடங்காக்குவதையோ பாதியாக்குவதையோ ஒரு ஸ்டாப் என்பார்கள். படம் எடுப்பவர்கள் பேசும் கணக்கு முழுக்க இந்த ஓர் அலகில்தான். ஷட்டரை 1/100 விநாடியிலிருந்து 1/200க்கு மாற்றினால் ஒரு ஸ்டாப் குறைந்துவிட்டது, துவாரத்தை ஒரு ஸ்டாப் பெரிதாக்கினால் கணக்கு நேராகிவிடும்.

அப்படியானால் இரண்டு திருகு எதற்கு, ஒன்றே போதாதா? துவாரம் பெரிதானால் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும், நேரம் நீண்டால் அசைவதெல்லாம் இழுபடும். குடத்துக்கு இந்தக் கவலை கிடையாது, ஆகவே குடத்தை இங்கேயே இறக்கி வைத்துவிடலாம்.

## அரை, கால், அரைக்கால், வீசம்

"எஃப் 2.8 பெரிய துவாரமாம், எஃப் 16 சின்னத் துவாரமாம், எண் பெருசானா ஓட்டை ஏன் சின்னதாகணும்?" புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பதினாறு என்று வாசிப்பதால் வந்த வினை. அது பதினாறில் ஒரு பங்கு.

எதில் ஒரு பங்கு? லென்ஸ் மேல் 18, 50, 200 என்று மி.மீ.யில் போட்டிருப்பார்கள், அதற்கு ஃபோக்கல் லென்த் என்று பெயர். அது கூடக்கூடக் காட்சி கிட்டே வரும், சட்டத்துக்குள் அடங்கும் பரப்பு குறையும். துவாரத்தின் அகலம் அந்த நீளத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்பதுதான் எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் துவாரம் 25 மி.மீ. அகலம், எஃப் 16 என்றால் 3 மி.மீ. சொச்சம்.

பழைய தமிழ்க் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். எஃப் 2 அரை, எஃப் 4 கால், எஃப் 8 அரைக்கால், எஃப் 16 வீசம். வீசத்தைவிடக் கால் பெரிது என்று சந்தைக்குப் போய் வந்த பாட்டிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த நாலில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போனால் துவாரத்தின் அகலம் பாதியாகிறது, அப்போது பரப்பு நாலில் ஒன்றாகிவிடும், அதாவது இரண்டு ஸ்டாப். நடுவில் ஒவ்வோர் எண்ணைச் செருகினால்தான் ஒற்றை ஸ்டாப் படிகள் கிடைக்கும்: 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. இந்தக் கட்டுரையில் மனப்பாடம் செய்யச் சொல்வது இந்த ஒரு வரிசையைத்தான். ஒன்று விட்டு ஒன்று இரட்டித்துக்கொண்டே போகும், ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் வந்துவிடும்.

இதுவரை வந்ததைச் சேர்த்துக்கொள்வோம். துவாரம், நேரம் என்று வெளிச்சத்துக்கு இரண்டு வாசல். ஒன்றை ஒரு ஸ்டாப் கூட்டி மற்றொன்றை ஒரு ஸ்டாப் குறைத்தால் படத்தின் வெளிச்சம் மாறாது, படத்தின் குணம் மாறும்.

## ஐஎஸ்ஓ என்கிற மைக்செட்

ஐஎஸ்ஓவைப் பற்றித்தான் அதிகமாகத் தப்பும் தவறுமாகப் பேசுகிறார்கள். ஃபிலிம் காலத்தில் அது சுருளின் குணம். 100 சுருள் வாங்கிப் போட்டால் தீரும்வரை 100தான். டிஜிட்டலில் அது உள்ளே வந்துவிட்ட வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுவது என்கிற அளவு. கோயில் திருவிழா மைக்செட்டை நினைத்துப் பாருங்கள். பாடுகிறவர் வாயைத் திறந்து பாடினால் சத்தத்தை ஏற்றவே வேண்டாம், சுத்தமாகக் கேட்கும். முணுமுணுத்தால் மைக்செட்காரர் குமிழைத் திருகுவார், பாட்டோடு சேர்ந்து 'உஸ்' என்ற இரைச்சலும் கிளம்பும். இரைச்சலுக்குக் காரணம் குமிழ் இல்லை, முணுமுணுப்பு. படத்தில் வரும் பொறிப்பொறியான புள்ளிகளும் இதே கதைதான்: வந்த வெளிச்சம் குறைவு, அதைப் பெருக்கினோம், கூடவே குப்பையும் பெருகியது.

இது பிடிபடாமல் "எப்போதும் ஐஎஸ்ஓ 100" என்று சத்தியம் செய்துகொண்டு கல்யாண மண்டபத்துக்குள் போகிறவர்கள் உண்டு. வெளிச்சம் போதாமல் ஷட்டரை 1/15க்கு இறக்கி, புள்ளியே இல்லாத, ஆனால் மாப்பிள்ளைக்கு மூன்று மூக்கு இருக்கிற படத்தோடு வருவார்கள். என்னைக் கேட்டால் ஐஎஸ்ஓ 3200 தாராளமாக வையுங்கள். புள்ளி விழுந்த படத்தை வீட்டில் எல்லோரும் பார்ப்பார்கள், ஆடிப்போன படத்தை எடுத்தவரே இரண்டாம் முறை பார்க்க மாட்டார்.

## வெயிலுக்கு 16

இப்போது அந்தப் பழைய கணக்கு. நல்ல வெயில், வெயில் உங்கள் முதுகுப் பக்கம், எதிரே இருப்பதன் மேல் நேராக விழுகிறது: துவாரத்தை எஃப் 16இல் வையுங்கள், ஐஎஸ்ஓ என்ன எண்ணோ அதைக் கீழே போட்டு ஷட்டர். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100, ஐஎஸ்ஓ 400 என்றால் 1/400. கேமராவில் 1/100 இல்லாமல் 1/125தான் இருக்கிறதா, அதையே வைத்துக்கொள்ளுங்கள், குத்துமதிப்புக்கு அது போதும்.

எஃப் 16இல்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, அது கணக்குக்குத் தலைவாசல் மட்டும். எஃப் 16, 1/100 என்பதும் எஃப் 8, 1/400 என்பதும் எஃப் 4, 1/1600 என்பதும் ஒரே வெளிச்சம், மேலே சொன்ன வரிசையில் நகர்ந்தால் தானே வரும்.

இது ஏன் பலிக்கிறது? மேகம் குறுக்கே வராத வரையில், காலை ஒன்பதிலிருந்து மாலை நாலு வரை தரைக்கு வரும் வெயிலின் அளவு படத்துக்கு உறைக்கிற மாதிரி மாறுவதில்லை. நமக்கு அதன் சூடுதான் கூடக் குறையத் தெரிகிறது.

மேகம் வந்தால்? வானத்தைப் பார்க்க வேண்டாம், தரையைப் பாருங்கள். உங்கள் நிழலின் ஓரம் கத்தரித்த மாதிரி இருந்தால் 16. ஓரம் கரைந்து மெத்தென்று இருந்தால் 11. நிழல் இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தால் 8. நிழலே இல்லை, மழை வரும்போல இருக்கிறது என்றால் 5.6. வெயில் நாளில் வேப்பமர நிழலிலோ திண்ணையிலோ ஆளை உட்காரவைத்து எடுத்தால் 4. நான் பழகிய காலத்தில் பேருந்துக்குக் காத்திருக்கும்போதெல்லாம் கேமராவே இல்லாமல் நிழலைப் பார்த்து எண் சொல்லிக்கொண்டிருப்பேன், பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

வெயில் ஆளுக்குப் பின்னால் இருந்து அடித்தால் மட்டும் இந்தக் கணக்கை அப்படியே வைக்காதீர்கள். முகம் அப்போது நிழலில் இருக்கிறது, ஒன்றிரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும்.

## எருமைக்குத் திரும்புவோம்

கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் கருவியை மீட்டர் என்கிறோம். அது அளப்பது வெயிலை அல்ல, பொருளின் மேல் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை. இங்கேதான் சிக்கல். எதிரே இருப்பது கறுப்பு எருமையா வெள்ளை உப்பா என்று அதற்குத் தெரியாது, ஆகவே ஓர் அனுமானத்தோடு வேலை செய்கிறது: உலகத்தைக் கலந்தடித்தால் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் வரும், தன் மேல் விழுவதில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல். தெரு, மரம், ஆட்கள் என்று கலவையான காட்சிக்கு இந்த அனுமானம் நன்றாகவே பலிக்கும்.

சட்டம் முழுக்க எருமை நிற்கும்போது திரும்பி வரும் வெளிச்சம் ரொம்பக் குறைவு. "அடடா, இருட்டாக இருக்கிறதே" என்று மீட்டர் வெளிச்சத்தை ஏற்றுகிறது. எருமை சாம்பலாகிறது, முதுகில் இருந்த கொக்கு வழிந்து வெள்ளைத் திட்டாகிறது. தூத்துக்குடி உப்பளத்தில் இதற்கு நேர்மாறு: எங்கும் வெள்ளை, மீட்டர் மிரண்டு வெளிச்சத்தைக் குறைக்கிறது, உப்பு அழுக்குத் துணி நிறத்தில் வருகிறது. அதனால்தான் முதல் தடவை கேட்டால் தலைகீழாகத் தோன்றும் இந்தக் கணக்கு: வெள்ளைக்குக் கூட்டு, கறுப்புக்குக் குறை. கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானோ திருகோ அநேகக் கேமராக்களில் இருக்கும். உப்பளத்துக்கு +1, எருமைக்கு -1 என்று தொடங்கிப் பாருங்கள். ஃபோனிலும் முடியும், எருமையைத் தொட்டுவிட்டுப் பக்கத்தில் வரும் சின்னச் சூரியனைக் கீழே இழுத்தால் அதே வேலை.

வெயிலுக்கு 16 என்ற கணக்கு இந்தக் குழிக்குள் விழுவதே இல்லை என்பதைக் கவனித்தீர்களா? அது எருமையைப் பார்க்கவில்லை, வெயிலைப் பார்க்கிறது. எருமை மேலும் கொக்கு மேலும் விழுவது ஒரே வெயில், அதற்கேற்ப வைத்தால் எருமை கறுப்பாக வரும், கொக்கு இறகோடு வரும். விலை உயர்ந்த மீட்டரை ஒரு பழைய கைக்கணக்கு தோற்கடிக்கிற இடம் இது, எனக்கு இன்னும் அலுக்காத சந்தோஷம்.

## நிலாவும் வெயில் காய்கிறது

பௌர்ணமி அன்று நிலாவை எடுத்தால் வெள்ளைத் தட்டுதான் வருகிறது என்று புலம்பாதவர் இல்லை. இப்போது நீங்களே காரணம் சொல்லிவிடுவீர்கள்: சட்டம் முழுக்கக் கறுப்பு வானம், மீட்டர் ஏற்றிவிட்டது. நிலா என்பது நடுப்பகல் வெயிலில் கிடக்கும் ஒரு பாறை, நமக்கும் அதற்கும் ஒரே சூரியன், ஏறத்தாழ ஒரே தூரம். கொஞ்சம் மங்கிய பாறை என்பதால் 16க்குப் பதில் 11. ஐஎஸ்ஓ 100இல் எஃப் 11, 1/100 வைத்தால் கறைகள் தெரியும். நிலா நன்றாக மேலே வந்த பிறகு எடுங்கள், அடிவானத்தில் தூசியும் ஈரமும் அதை மங்கலாக்கிவிடும்.

1941இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கடந்து போய்க்கொண்டிருந்தார் ஆன்சல் ஆடம்ஸ் என்ற புகைப்படக் கலைஞர். மேலே நிலா, கீழே கல்லறைச் சிலுவைகளின் மேல் கடைசி வெயில், அதுவும் எந்த நிமிடமும் போய்விடும். பெரிய கேமராவை நிறுத்திவிட்டுத் தேடினால் வெளிச்சம் அளக்கும் மீட்டரைக் காணோம். நிலாவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவில் இருந்தது, அதைக் கொண்டு மனக்கணக்காகவே எக்ஸ்போஷரை வைத்து ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுக்கத் தயாராவதற்குள் வெயில் போய்விட்டது. அந்த ஒன்றுதான் அவருடைய படங்களிலேயே மிகப் புகழ்பெற்றவற்றில் ஒன்றாக இருக்கிறது.

## கை ஆடுகிறதா, ஆள் ஆடுகிறாரா

ஷட்டர் எவ்வளவு மெதுவாகப் போகலாம் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு: ஃபோக்கல் லென்த் எண்ணைக் கீழே போடுங்கள். 50 மி.மீ.க்கு 1/50, 200 மி.மீ.க்கு 1/200, அதற்கும் கீழே போனால் கை நடுக்கம் படத்தில் தெரியும். நீளமான லென்ஸ் காட்சியைப் பெரிதாக்குவது மாதிரியே நடுக்கத்தையும் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். சின்ன சென்சார் உள்ள கேமரா என்றால் ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளுங்கள், 200க்கு 1/300. சென்சார் என்பது ஃபிலிம் இருந்த இடத்தில் இப்போது இருக்கும், வெளிச்சத்தை வாங்கும் சில்லு. பழைய ஃபிலிமின் அளவான 36க்கு 24 மி.மீ. இருந்தால் முழு அளவு, பெரும்பாலோர் முதலில் வாங்கும் கேமராக்களில் அதைவிடச் சின்னது. ஜன்னல் சின்னதானால் அதே தோட்டத்தில் குறைவாகத்தானே தெரியும்? அதைத்தான் "50 மி.மீ. இதில் 75 ஆகிவிடும்" என்று சொல்கிறார்கள். லென்ஸ் ஒன்றும் ஆகவில்லை, ஜன்னல்தான் சின்னது.

இந்தக் கணக்கு உங்கள் கைக்கு மட்டும்தான், எதிரே இருப்பவருக்கு இல்லை. நடுக்கத்தைத் தாங்கும் லென்ஸ் இருக்கிறது என்று 1/20இல் பரதநாட்டியம் எடுத்தால் தூண் கூர்மையாக வரும், ஆடுகிறவர் புகையாக வருவார். நடப்பவருக்கு 1/250, ஆடுபவருக்கும் கபடி ஆடும் பையனுக்கும் 1/500, சீறி வரும் காளைக்கு 1/1000 என்று நான் வைத்துக்கொள்கிறேன்.

வெளிநாட்டுப் பாடங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு விஷயம். மண்டபத்து டியூப்லைட்டுக்கு 1/60 வையுங்கள் என்று அமெரிக்காக்காரர் சொன்னால் அவருக்கு அது சரி, அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். இந்தியாவிலும் இலங்கையிலும் 50. நம்முடைய விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுக்குகின்றன, ஆகவே 1/50 அல்லது 1/100 வைத்தால் முழு மினுக்குகள் உள்ளே அடங்கும், படத்தில் பட்டைப் பட்டையாகக் கோடு விழாது. எடுத்து முடித்த படத்தில் விழுந்த கோட்டைப் பிறகு போக்குவது பெரும்பாடு.

## லென்ஸை மாற்றும் முன் காலை நகர்த்துங்கள்

"அகலமான லென்ஸ் முகத்தைக் கெடுக்கும், நீளமான லென்ஸ் அழகாக்கும்" என்பது பாதி உண்மை. முகத்தை மாற்றுவது தூரம். ஃபோனை ஒரு முழத்துக்குள், சுமார் 30 செ.மீ.யில் நீட்டி எடுக்கும்போது மூக்கு நுனி 30 செ.மீ.யில், காது 42 செ.மீ.யில். காதைவிட மூக்கு நாற்பது சதவீதம் கூடுதலாக உப்பும். அதே ஆளை இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்: 200க்கு 212, வித்தியாசம் ஆறு சதவீதம், யார் கண்ணுக்கும் தெரியாது. அவ்வளவு தள்ளி நின்றால் முகம் சட்டத்தில் சின்னதாகிவிடும், அதை நிரப்பத்தான் நீளமான லென்ஸ் தேவைப்படுகிறது. அழகு கொடுத்தது உங்கள் கால், லென்ஸ் செய்தது வெட்டி எடுக்கிற வேலை.

ஆக வரிசை இதுதான்: முதலில் எங்கே நிற்பது என்று முடிவு செய்யுங்கள், பிறகு அங்கிருந்து எவ்வளவு உள்ளே வர வேண்டுமோ அதற்கேற்ற லென்ஸ். முகத்துக்கு ஆறேழு அடிக்குக் குறையாமல். கோபுரம் பின்னால் சாய்வதும் இந்தக் குடும்பத்துப் பிரச்சினைதான், அடியில் நின்று கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் வருவது. தெருக்கோடி வரை பின்வாங்கி, கேமராவை நேராகப் பிடித்தால் கோபுரம் நிமிர்ந்துவிடும்.

## தாய்மாமன் மங்கிய கதை

50 மி.மீ., எஃப் 1.8 லென்ஸ் ஒன்று விலை குறைவாகக் கிடைக்கிறது என்பதால் எல்லோரும் வாங்குகிறோம், வாங்கியதும் 1.8ஐ விட்டு இறங்க மறுக்கிறோம். எங்கள் வீட்டுக் காதுகுத்தில் நானும் அப்படித்தான் நின்றேன். குழந்தை தாய்மாமன் மடியில், நான் ஒன்றரை மீட்டர் தள்ளி. என் கேமராவில் அந்தத் தூரத்தில் 1.8இல் தெளிவாக வரும் ஆழம் ஆறேழு செ.மீ.தான், நாலு விரல் அகலம். குழந்தையின் காது மயிரிழை தெரிய வந்தது, அதற்கு ஒரு சாண் பின்னால் இருந்த மாமா வேட்டி கட்டிய மேகம் மாதிரி வந்தார். மொய் வைத்ததும் நான், மடியில் வைத்ததும் நான், படத்தில் மட்டும் நான் இல்லையா என்று இன்றுவரை கேட்கிறார்.

எஃப் 5.6 வைத்திருந்தால் ஆழம் 20 செ.மீ.க்கு வந்திருக்கும், ஓரடி பின்வாங்கியிருந்தால் இன்னும் கூடும். தனி முகத்துக்கு 2 அல்லது 2.8, இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக இருந்தால் 5.6, மேடையில் இரண்டு மூன்று வரிசை நின்றால் 8. இடப்பரப்பு முழுக்க வேண்டுமென்றால் 11, அதற்கு மேல் மூடினால் சின்ன ஓட்டை வழியே வெளிச்சம் சிதறிப் படம் லேசாகக் குழையத் தொடங்கும்.

அடுத்த விசேஷத்தில் ஜாக்கிரதையாக எஃப் 8 வைத்தேன். மாமா தலைமுடி வரை தெளிவாக வந்தார், கண்ணை மூடிக்கொண்டு. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, விளையாட்டுக்குச் சொல்லவில்லை: ஆஸ்திரேலியாவின் அறிவியல் ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓவைச் சேர்ந்த இருவர் கண் இமைப்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்து 2006இல், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு யோசிக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசே வாங்கினார்கள். இருபது பேருக்குள் என்றால் தலையை எண்ணி, நல்ல வெளிச்சத்தில் மூன்றாலும் மங்கிய வெளிச்சத்தில் இரண்டாலும் வகுக்க வேண்டும், அத்தனை படம் எடுத்தால் அநேகமாக ஒன்றிலாவது எல்லோரும் கண் திறந்திருப்பார்கள். அன்று மேடையில் 12 பேர், மண்டபத்து வெளிச்சம் சுமார்தான். ஆறு படம் எடுத்திருக்க வேண்டும். நான் இரண்டோடு சாப்பிடப் போய்விட்டேன்.